மேட்டூரில் தூண்டில் போடுமுன்

பின்லாந்து, கனடா போன்ற வடதேசங்களில் ஏரிகளுக்குக் குறைவே இல்லை. முற்காலத்தில் பனிக்கட்டி ஆறுகள் பூமியைக் குடைந்துவிட்டுப் போன பள்ளங்களில் இன்று ஆயிரக்கணக்கான ஏரிகள் நிறைந்து கிடக்கின்றன. அங்கே மீன் பிடிக்கப் புறப்படுகிறவர் தேசப்படத்தை விரித்து, எந்த ஏரி என்று தீர்மானித்தால் போதும். நம் சேலம், நாமக்கல் சமவெளிக்கு இயற்கை அப்படி ஒரு பெரிய ஏரியைக் கொடுக்கவில்லை. இங்கே உள்ளவை மனிதர் கரை போட்டுத் தேக்கியவை. ஆகையால் தூண்டிலை எடுப்பதற்கு முன், மதகு எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது என்று விசாரித்துக்கொள்ள வேண்டும். நல்ல நாள் பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

இந்தத் தேக்கங்களில் தலைமையானது மேட்டூர். 1925-ல் வேலை தொடங்கி 1934-ல் முடிந்தது. அந்நாளைய சென்னைக் கவர்னர் ஸ்டான்லியின் பெயர் நீர்த்தேக்கத்துக்கு வைக்கப்பட்டது. நிறைந்த மட்டம் 120 அடி; கொள்ளளவு 93.47 டி.எம்.சி.; அப்போது நீர்ப்பரப்பு ஏறக்குறைய 60 சதுர மைல். ஜூன் 12-ந் தேதி டெல்டாப் பாசனத்துக்குத் திறந்து, ஜனவரி 28-ல் மூடுவது வழக்கமான ஏற்பாடு. மழை பொய்த்த வருஷங்களில் திறக்கும் தேதி தள்ளிப்போவதும் உண்டு.

புதுவெள்ளம் வரும் ஆடி மாதத்தில் அணையைப் பார்க்கக் கூட்டம் கூடும். கண்ணுக்கு அது விருந்துதான். தூண்டில்காரருக்கு அது உகந்த காலமல்ல. நீர் செம்மண் நிறமாகக் கலங்கியிருக்கும். அதைவிட முக்கியமான காரணம், கெண்டை இனங்கள் பலவும் முட்டையிடுவதற்காக வெள்ளத்தை எதிர்த்து ஏறும் பருவம் அது. சினையோடு வரும் ஒரு மீனைப் பிடித்தால் ஒரு மீனோடு கணக்கு முடிவதில்லை. எனவே மார்கழி, தை மாதங்களில், நீர் தெளிந்த பிறகு போவதே உத்தமம். வெயிலும் உறைக்காது.

சேலத்திலிருந்து ஓமலூர், மேச்சேரி வழியாகப் போனால் மேட்டூர் சுமார் 50 கிலோமீட்டர். அங்கிருந்து கொளத்தூர்ப் பக்கமாகச் சென்று பண்ணவாடிப் பரிசல் துறையை அடையலாம். எதிர்க்கரையில் தர்மபுரி ஜில்லாவைச் சேர்ந்த நாகமரை. இந்த நீருக்கடியில் ஊர்கள் கிடக்கின்றன. அணை எழுந்தபோது குடிகள் வீடு வாசலை விட்டு மேடேறினார்கள். கோயிலும் மாதா கோயிலும் அங்கேயே நின்றன. நீர்மட்டம் வெகுவாக இறங்கும் கோடையில், ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும் மாதா கோயிலின் கோபுரமும் தலை நீட்டும். அந்த இடத்தில் பரிசல் போகும்போது பேச்சு தானாகவே நின்றுவிடுகிறது.

இந்தத் தேக்கத்தின் மீனை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் கரையோரம் நெடுக இருக்கின்றன. அவர்கள் உரிமம் பெற்று வலை வீசுகிறவர்கள். பொழுதுபோக்குக்குப் போகும் நாம் மீன்வளத் துறையாரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, விரித்த வலைக்கு எட்டத் தள்ளி உட்கார வேண்டியது நியாயம். முதலை உண்டாகையால் முழங்கால் நீரில் இறங்கி நிற்கும் சாகசமும் வேண்டாம்.

இரை விஷயத்தில் பெரிய சாஸ்திரம் ஒன்றுமில்லை. மிருகால் அடிநீரில் மேயும், ரோகு நடுநீரில், கட்லா மேல்மட்டத்தில். தக்கையை அதற்கேற்ப ஏற்றி இறக்க வேண்டும். மாவு உருண்டையும் கடலைப் புண்ணாக்கும் இவற்றுக்குப் போதும். கெளுத்திக்கு மண்புழு. ஜிலேபிக் கெண்டையோ எதைப் போட்டாலும் வரும். குழந்தைகளை அழைத்துப் போகிறவர்களுக்கு அதுவே ஆபத்பாந்தவன். ஊர் ஏரிகளில் விராலைத் தேடுகிறவர்கள் ஒன்று கவனிக்கவேண்டும்: செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாய் மேலே மிதந்தால், தாய் தந்தை இரண்டும் அடியில் காவல் நிற்கின்றன என்று அர்த்தம். அங்கே தூண்டில் போடலாகாது.

இப்போது கூடையில் விழும் மீன்களில் பல இந்த நதியின் பூர்வகுடிகள் அல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கட்லா வடக்கத்தி நதிகளிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டது. ஜிலேபி 1952-ல் ஆப்பிரிக்க வம்சமாக இந்தியாவுக்கு வந்தது. கடலிலிருந்து காவேரியில் ஏறிவந்த உல்லம் மீனின் வரவு, மேட்டூர் அணைக்குப் பிறகு குன்றிப்போயிற்று. காவேரிக்கே உரிய கெண்டையும் அருகிவிட்டது. டெல்டா வயல்களுக்கு வேளை தவறாமல் தண்ணீர் கொடுத்த அணையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதன் விலையில் ஒரு பகுதியை மீன்கள் கொடுத்திருக்கின்றன.

எல்லாவற்றிலும் பெரிய நஷ்டம் மஹ்சீர். சென்னை ராஜதானியில் உத்தியோகம் பார்த்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-ல் இந்தியத் தூண்டில் கலையைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். அதில் ராஜமரியாதை பெற்றது இந்த மீனே. வாயில் பல் கிடையாது. தொண்டையில் உள்ள பற்களால் நண்டையும் நத்தையையும் நொறுக்கித் தின்னும். நம் காவேரிக்கே சொந்தமான திமில் மஹ்சீர் 2018-ல் உலகப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில் மிக அபாய நிலையில் உள்ளதாகச் சேர்க்கப்பட்டது. ஒகேனக்கலைத் தாண்டிய மேல்நதிக் காடுகளில் காவேரி வடக்குச் சரணாலயம் 2014-லும், தெற்குச் சரணாலயம் 2022-லும் ஏற்பட்டன. அங்கே தூண்டிலோடு போகும் யோசனையையே விட்டுவிட வேண்டும். வேறிடத்தில் தற்செயலாய் மஹ்சீர் மாட்டினால், கையை நனைத்துக்கொண்டு, நீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றி, தலை நீரோட்டத்தை எதிர்நோக்கும்படி பிடித்திருந்து, அது தானாக நழுவும்போது விட வேண்டும்.

திரும்புகையில் நாமக்கல் வழியாக வருகிறவர்களுக்கு ஒரு சௌகரியம். மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை என்று மின்சாரக் கதவணைகள் நதியைச் சிறுசிறு ஏரிகளாக்கியிருக்கின்றன. அவற்றையெல்லாம் கடந்து ஜேடர்பாளையம் படுகை அணைக்கு வந்தால், ராஜவாய்க்கால் பிரியும் இடத்தருகே கடைக்காரர்கள் மீனை மசாலா தடவிச் சுடச்சுடப் பொரித்துக் கொடுக்கிறார்கள். வெறுங்கூடையோடு வந்தவர் யார், நிறைந்த கூடையோடு வந்தவர் யார் என்று அவர்கள் கேட்பதில்லை.