அந்தப் பையனுக்கு அம்மா இல்லையா?

பாட்டிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. சம்பள நாளில் கிராணியின் மேசையில் கட்டைவிரலை மையில் அழுத்திவிட்டு வருவாராம். ஆனால் லூக்கா 15ஆம் அதிகாரத்தில் வரும் ஊதாரி மகன் கதையை அவரைப் போல் வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

சித்தியவானிலிருந்து ஆயர் தாவார் போகும் வழியில் இருந்த ரப்பர் தோட்டம் அது. இப்போது முழுக்கச் செம்பனை. எனக்கு நினைவு தெரிந்தபோது பத்துப் பதினைந்து குடும்பங்கள்தான் மிச்சம். மழை இல்லாத இரவுகளில் லயத்து வாசலில் பாய் விரித்து பாட்டி கதை சொல்வார். கேட்க வருபவர்களில் பாதிப் பேர் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிறவர்கள். ஒருநாள் நல்லதங்காள், மறுநாள் அண்ணன்மார் குழியில் தள்ளிய யோசேப்பு. இரண்டுக்கும் அதே குரல், அதே அழுகை. யாரும் மதம் மாறிவிடவில்லை. ஆனால் யோசேப்பு எல்லோருக்கும் சொந்தக்காரனாகிவிட்டான்.

சின்ன வயதில் சைக்கிளில் வந்துபோன ஒரு உபதேசியாரிடம் கேட்ட கதைகளாம். கேட்டதை அப்படியே சொல்லும் பழக்கம் பாட்டிக்கு இல்லை. அவருடைய ஊதாரி மகன் பாகத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு சிங்கப்பூருக்குப் போவான். காசு கரைந்ததும் பன்றிக் கொட்டகையில் வாளி தூக்குவான். எங்கள் ஊர் 1903இல் சீனாவின் பூஜியான் பகுதியிலிருந்து வந்த மெதடிஸ்ட் கிறிஸ்தவர்களான ஹொக்சியூ மக்கள் குடியேறிய ஊர். பன்றிக் கொட்டகையின் வாடையைக் கேட்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மூக்கைச் சுளிப்பார்கள், கதை உள்ளே போய்விடும்.

பாட்டியின் கதையில் ஒரு அம்மாவும் உண்டு. மகன் போன நாளிலிருந்து தினமும் ராத்திரி ஒரு தட்டில் சோறு போட்டு மூடி வைப்பாள். காலையில் அதைத் தண்ணீர் ஊற்றிப் பழைய சோறாக அவளே சாப்பிடுவாள். அவன் திரும்பி வரும்போது தூரத்தில் வருகிற நடையைப் பார்த்து, "ஏங்க, நம்ம புள்ளைங்க!" என்று முதலில் கத்துவது அவள்தான். அப்புறம்தான் அப்பா ஓடுவார்.

எனக்கு ஒன்பது வயது. ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனத்துக்குப் பரிசு வாங்கியிருந்தேன். தமிழ் சரளமாக வாசிக்க வந்துவிட்ட திமிர். பைபிளைத் தூக்கிக்கொண்டு போய் எல்லோர் முன்னாலும் சொன்னேன்: "பாட்டி, நீங்க பொய் சொல்றீங்க. இதுல அம்மாவே இல்ல."

பாட்டி புத்தகத்தை வாங்கிப் பார்த்தார், தலைகீழாக. பிறகு, "அப்படியாய்யா? எனக்கு எங்க தெரியும்" என்றார். அதற்குப் பிறகு அந்தக் கதையை அவர் சொல்லவே இல்லை. கேட்டால், "நீயே படிச்சுச் சொல்லுய்யா" என்பார். படித்தேன். நாலு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

என் பெரிய மாமா இருபது வயதில் வீட்டைவிட்டுப் போனவர், திரும்பவே இல்லை என்பதை அம்மா எனக்குச் சொன்னது பாட்டி இறந்த பிறகுதான்.

காதால் கேட்ட கிறிஸ்தவம் தமிழுக்குப் புதிதல்ல. சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார். சில ஆண்டுகளிலேயே தமிழில் புதிய ஏற்பாடு அச்சானது. ஆனால் வாசிக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம். மற்றவர்களிடம் அது பாட்டாகவும் கூத்தாகவும்தான் போனது. தஞ்சை வேதநாயக சாஸ்திரி (1774–1864) பெத்லகேம் குறவஞ்சி எழுதியபோது, மக்களுக்குப் பழகிய குறத்தியையே கிறிஸ்துவின் கதைக்குள் கூட்டி வந்தார். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கத்தோலிக்கர்கள் புனிதர்களின் கதையை விடிய விடியக் கூத்தாக ஆடினார்கள். குறத்தி பைபிளில் எந்த அதிகாரத்தில் வருகிறாள் என்று யாரும் சாஸ்திரியிடம் கேட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இப்போது இது உலக அளவில் ஒரு முறையாகவே வளர்ந்திருக்கிறது. 1939இல் ஜாய் ரிடர்ஹாஃப் என்ற அமெரிக்கப் பெண் லாஸ் ஏஞ்சலஸில் பைபிள் கதைகளை இசைத்தட்டில் பதிவுசெய்யத் தொடங்கினார். பிறகு படிக்காத மக்களுக்குக் கதைகளைக் காலவரிசைப்படி வாய்மொழியாகச் சொல்லும் பயிற்சிகள் வந்தன. போன வருடம் எங்கள் சபையிலும் அப்படி ஒரு பயிற்சி. கதையைப் பலமுறை கேள், மூடி வைத்துவிட்டுச் சொல், கேட்டவரைத் திருப்பிச் சொல்லவை, விட்டதையும் கூட்டியதையும் பைபிளோடு ஒப்பிட்டுத் திருத்து. பயிற்சியாளர் இரண்டு முறை அழுத்திச் சொன்னார்: "எதையும் சேர்க்காதீங்க."

அவர் சொல்வது எனக்குப் புரிகிறது. நான் பொறியாளன். ஒரு அளவு கைமாறிக் கைமாறிப் போனால் கடைசியில் என்ன ஆகும் என்று தெரியும். ஒவ்வொருவரும் ஒன்றைச் சேர்த்தால் பத்தாவது வாயில் வேறு கதைதான் இருக்கும். ஆனால் ஒன்று உறுத்துகிறது. இந்த முறையில் படிக்காதவர் எப்போதும் வாங்கிக்கொள்கிறவர் மட்டும்தான். கதை அவரை மாற்ற வேண்டும். அவர் கதைக்கு ஒரு பதில் சொன்னால் அது பிழை. பாட்டி அந்தத் தட்டுச் சோற்றை வேதம் என்று வைக்கவில்லை. கதை அவரிடம் ஏதோ கேட்டிருக்கிறது, அவர் பதில் சொன்னார். நான் சிவப்பு மையால் அடித்துவிட்டேன்.

பயிற்சியின் இரண்டாம் நாள் ஆளுக்கொரு வீடு போய்க் கதை சொல்ல வேண்டும். தோட்டத்தைவிட்டு வந்து மகள் வீட்டில் தங்கியிருந்த ஒரு பாட்டி எனக்குக் கிடைத்தார். நெற்றி நிறையத் திருநீறு. முதலிலேயே, "பாட்டி, இது எங்க வேதத்துல உள்ள கதை, கேக்குறீங்களா?" என்றேன். "கதைதானே, சொல்லு தம்பி" என்றார். பிசகாமல் சொன்னேன். அப்பா ஓடினார், கட்டிப்பிடித்தார், விருந்து வைத்தார்.

பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்:

"ஏன் தம்பி, அந்தப் பையனுக்கு அம்மா இல்லையா?"

"கதையில சொல்லல பாட்டி."

"சொல்லாட்டி என்ன? அத்தன நாளா அவ எப்படிச் சோறு தின்னுருப்பா?"

எனக்குத் தொண்டை அடைத்தது. எனக்குத் தெரிந்த ஒரு பாட்டி இதை எப்படிச் சொல்வார் என்று சொல்லட்டுமா என்று கேட்டு, தட்டுச் சோற்றிலிருந்து மறுபடி தொடங்கினேன்.

கையில் இருந்த பயிற்சித் தாளில் 'கதை மாறாமல் சொல்லப்பட்டதா?' என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்பாமலே கொடுத்துவிட்டேன்.