நகல் வரிக்காக எழுதப்படும் கடிதம்

கல்லூரி அணிகளின் பயிற்சியாளர்களுக்குள் மூளும் மின்னஞ்சல் சண்டை, மைதானத்தில் தோற்ற ஒரு வாதம் மேசைக்கு இடம் மாறுவதால் பிறக்கிறது. ஆட்டம் மாலையில் முடிந்துவிடும். நடுவரின் விசிலுக்குமேல் அங்கே பேச்சில்லை. அன்றிரவு தூக்கம் வராமல் ஒருவர் கணினியைத் திறக்கிறார். மறுநாள் காலை எதிரணிப் பயிற்சியாளருக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. அதே கடிதம் இரண்டு கல்லூரி முதல்வர்களுக்கும், போட்டி நடத்திய கல்லூரிக்கும், பல்கலைக்கழக உடற்கல்வித் துறைக்கும் போயிருக்கிறது. எழுதியவர் மனத்தில் முதலில் இருந்தவர்கள் பின்னால் சொன்ன இவர்கள்தான்.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பயிற்சியாளர் என்றால் பெரும்பாலும் உடற்கல்வி இயக்குநர். மாணவர்களுக்கு அவர் ‘பி.டி. சார்’. வசதியுள்ள தனியார் கல்லூரிகள் ஒவ்வொரு விளையாட்டுக்கும் என்.ஐ.எஸ். எனப்படும் தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயிற்சி முடித்த கோச் வைத்துக்கொள்ளும். அரசுக் கல்லூரியில் ஒரே ஆள்தான் மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவார், பேருந்துக் கட்டணத்துக்கு பில் எழுதுவார், தகுதிப் படிவம் நிரப்புவார், தோற்றால் புகாரும் அவரே எழுதுவார். இந்தத் தொழிலுக்கென்று 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியவர் ஹாரி குரோ பக். அங்கே தொடங்கிய பாடத்திட்டம் எத்தனையோ முறை மாறியிருக்கிறது. புகார்க் கடிதம் எழுதுவது எப்படி என்ற பாடம் மட்டும் எந்த உடற்கல்விக் கல்லூரியிலும் இடம் பெற்றதாகத் தெரியவில்லை.

சண்டையின் சூட்டைப் புரிந்துகொள்ள, பணயம் என்ன என்று பார்க்க வேண்டும். 1997-இல் தொடங்கிய சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகள் இணைந்துள்ளன. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் தெரிந்த ஆட்டக்காரர்களை வைத்துப் பல்கலைக்கழக அணி அமையும். அந்த அணி, 1925-இல் தோன்றிய இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் நடத்தும் தென்மண்டலப் போட்டிக்குப் போகும். அங்கே ஆடியதற்கான சான்றிதழுக்கு மத்திய அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் ‘படிவம் 3’ என்று தனிப் படிவமே உண்டு. கொல்லிமலை அடிவாரத்து முள்ளுக்குறிச்சியிலிருந்து ராசிபுரத்துக்கோ நாமக்கல்லுக்கோ பேருந்து ஏறிப் படிக்க வரும் பையனுக்கு அந்தத் தாள் கோப்பையைவிடப் பெரிது. கல்லூரிப் போட்டியின் அரையிறுதியில் தோற்ற அணியிலிருந்து பல்கலைக்கழகத் தேர்வுக்குப் போகும் ஆட்களின் எண்ணிக்கை குறையும். ‘என் பையனுக்குக் கிடைக்க வேண்டியது போச்சு’ என்று பி.டி. நினைப்பதில் பொய்யில்லை. கடிதத்தில் காணும் கோபத்தில் பாதி அந்த அக்கறைதான். மீதிப் பாதியைப் பற்றி அவரே வாய் திறக்க மாட்டார்.

காரணங்கள் பெரும்பாலும் பழையவை. வயது, படிக்கும் ஆண்டு, வருகைப்பதிவு ஆகியவற்றில் ஐயம், வேறு ஆளை இறக்கிய ஆள்மாறாட்டம், கபடியில் எடை. ஆண்கள் கபடிக்கு 85 கிலோ, பெண்களுக்கு 75 கிலோ என்பது எடை வரம்பு. தராசு யாருடையது, எடை பார்க்கும்போது யார் நின்றார்கள் என்பதிலிருந்தே சில கடிதங்கள் தொடங்கும். ஆட்டத்துக்குள் வரும் தகராறு இன்னும் கடினமானது. ரெய்டுக்குப் போனவனின் விரல் நுனி எதிராளியின் முழங்கையில் பட்டதா இல்லையா என்பது அந்த இருவருக்கு மட்டுமே தெரியும்; சில நேரம் அவர்களுக்கும் தெரியாது. யாரையும் தொடாமல், ஆடுகளத்தின் பக்கவாட்டுப் பட்டையான லாபியில் கால் வைத்தால் ரெய்டர் அவுட். தொட்டுவிட்டு வைத்தால் ஆட்டம் தொடரும். ஒரு நொடிக்குள் முடிந்துபோகும் அந்தத் தொடுகையின் மீதுதான் நான்கு பக்கக் கடிதம் நிற்கிறது. 2014-இல் தொடங்கிய புரோ கபடி லீக்கில் வீடியோ ரிவ்யூ கேட்கலாம். 2017-இல் தமிழ் தலைவாஸ் அணி வந்த பிறகு இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் அதைப் பார்த்தே வளர்ந்தார்கள். கல்லூரி மைதானத்தில் கேமரா இல்லை. யாரோ ஒரு மாணவன் செல்போனில் எடுத்த ஆடும் படம்தான் இணைப்பாகப் போகும். அதில் லாபிக் கோடு தெரியாது. முன்னால் நின்றவரின் முதுகு தெரியும்.

எல்லாவற்றையும்விட ஆறாத காரணம் ஒன்று உண்டு: ஆள் தூக்குவது. பொங்கல் சமயத்தில் ஊர்ப்புறத்தில் விளக்குக் கட்டி விடிய விடிய நடக்கும் கபடியில் ஒரு பையனைக் கண்டெடுத்து, அப்பா அம்மாவிடம் பேசி, சேர்க்கைப் படிவம் வாங்கிக் கொடுத்தவர் ஒருவர். கட்டணம் இல்லை, விடுதி இலவசம், காலையில் முட்டை பால் என்று சொல்லி அவனைக் கூட்டிக்கொண்டு போனவர் இன்னொருவர். இது விதிமீறல் அல்ல. அதனாலேயே இதைப் பற்றிப் புகார் எழுத முடியாது. எழுத முடியாத இந்தக் குறை, எழுதக்கூடிய வேறொரு குறையின் தோள்மீது ஏறி வருகிறது. மூன்று ஆண்டு கழித்து வரும் எடை தொடர்பான கடிதத்துக்குள் அந்தப் பையனின் பெயர் ஒளிந்திருக்கும்.

முறைப்படி இதற்கு வழி இருக்கிறது. ஆட்டம் முடிந்ததும், குறித்த நேரத்துக்குள், கட்டணம் கட்டி, எழுத்தில் ‘புரொட்டெஸ்ட்’ கொடுக்க வேண்டும். நடுவர் குழு அங்கேயே கேட்டு முடிவு சொல்லும். மின்னஞ்சல் வருவது அந்த நேரம் தவறிய பிறகு, அல்லது முடிவு பாதகமாக வந்த பிறகு. எனவே அது மேல்முறையீடு போலத் தோன்றினாலும் அதற்கு அந்த மதிப்பில்லை.

தோற்றத்தில் இந்தக் கடிதம் தமிழ்நாட்டு மனுவின் நேர் வாரிசு. அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை, கடைசியில் நகல். பழைய மனுவில் நகல் வரி அடியில் இருந்தது; தாசில்தாருக்கு எழுதி முதலமைச்சருக்கு நகல் போடுவோர் இன்றும் உண்டு. மின்னஞ்சல் அந்த வரியைத் தலைக்கு ஏற்றிவிட்டது. ‘சிசி’ கட்டத்தில் யார் யார் என்று பார்த்துவிட்டுத்தான் பெறுபவர் உள்ளே படிக்கவே தொடங்குகிறார். பதிலை ‘எல்லோருக்கும்’ அனுப்பியாக வேண்டிய கட்டாயம் அங்கேயே விழுந்துவிடுகிறது. சும்மா இருந்தால் முதல்வர் முன்னால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமே! மொழியும் மாறும். மைதானத்தில் தமிழில் நடந்த சண்டை கடிதத்தில் ஆங்கிலத்துக்குப் போய்விடும். ‘வித் டியூ ரெஸ்பெக்ட்’ என்று தொடங்கினால் மரியாதை இனி இல்லை என்று பொருள். ‘கைண்ட்லி நோட்’ என்பது எச்சரிக்கை. நேரில் ‘என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க’ என்ற ஒரு கேள்வியில் ஆறிப்போகக்கூடியது, அந்த இரவல் பணிவில் கெட்டித்துப் போகிறது.

எழுத்தில் தொனி தங்காது என்பதற்கு ஆய்வும் உண்டு. ஜஸ்டின் குரூகர், நிக்கோலஸ் எப்லி முதலியோர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், மின்னஞ்சலில் தாங்கள் கேலியாகச் சொல்வதும் நிஜமாகச் சொல்வதும் படிப்பவருக்குப் பிரிந்து தெரியும் என்று எழுதியவர்கள் மிகவும் நம்பினார்கள். படித்தவர்களோ பூவா தலையா போட்டுச் சொல்வதைவிட அதிகம் தேறவில்லை. எழுதும்போது தன் குரல் தன் காதில் கேட்கிறது. மற்றவருக்கு அது கேட்காது. அமெரிக்க அதிபர் ஆபிரகாம் லிங்கன் 1863 ஜூலை 14 அன்று, கெட்டிஸ்பர்க் போருக்குப் பின் எதிரிப் படையைத் தப்பவிட்ட தளபதி மீடுக்குக் கடுமையாக ஒரு கடிதம் எழுதி, கையொப்பமிடாமலும் அனுப்பாமலும் உறையிலேயே வைத்துவிட்டார். அவர் மேசையில் ‘அனுப்பு’ பொத்தான் இல்லை.

கல்லூரி அளவில் நடப்பவை வெளியே வருவதில்லை. பெரிய மேடையில் நடந்த இரண்டு, கதையின் போக்கைக் காட்டும். 2005 செப்டம்பரில், ஜிம்பாப்வே சுற்றுப்பயணத்தின்போது, இந்தியக் கிரிக்கெட் அணியின் பயிற்சியாளர் கிரெக் சேப்பல், கேப்டன் சௌரவ் கங்குலியின் தகுதியைக் கேள்வி கேட்டு வாரியத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினார். அது பத்திரிகைக்குப் போனது. மும்பையில் வாரியம் இருவரையும் அழைத்துப் பேசி, சேர்ந்து பணியாற்றச் சொன்னது. சில வாரங்களில் தலைமை ராகுல் திராவிடிடம் போயிற்று. சேப்பல் 2007 உலகக்கோப்பைக்குப் பின் விலகினார். 2019-இல் கங்குலி அதே வாரியத்தின் தலைவரானார்.

மற்றது தமிழ்க் குடும்பத்தில் பிறந்த இந்திய மகளிர் கிரிக்கெட் வீராங்கனை மிதாலி ராஜுடையது. 2018 நவம்பர் 22 அன்று ஆன்டிகுவாவில் இங்கிலாந்துக்கு எதிரான டி20 உலகக்கோப்பை அரையிறுதியில் அவர் உட்காரவைக்கப்பட்டார். இந்தியா எட்டு விக்கெட்டில் தோற்றது. பயிற்சியாளர் ரமேஷ் பவார் தன்னை அவமதித்ததாக மிதாலி வாரிய அதிகாரிகளுக்கு எழுதிய மின்னஞ்சல் சில நாளில் ஊரறிய வெளியானது. பவார் தம் அறிக்கையில் அவர்மேல் குற்றம் அடுக்கினார். நவம்பர் 30-ஆம் தேதி பவாரின் ஒப்பந்தம் முடிந்தது. அடுத்த மாதம் தமிழ்நாட்டின் டபிள்யூ.வி. ராமன் பயிற்சியாளரானார். 2021 மே மாதம் பவார் மீண்டும் வந்தார். அப்போது ஒருநாள் அணிக்குத் தலைவி மிதாலி. 2022 உலகக்கோப்பைக்கு இருவரும் ஒரே அணியாகத்தான் போனார்கள். இரண்டு கதையிலும் கடிதத்தைக் கசியவிட்டவர் யார் என்பதைவிட, கசியும் அளவுக்கு அது பலர் கைக்குப் போயிருந்தது என்பதே கவனிக்கத்தக்கது.

சட்டமும் நகல் வரியில்தான் கண் வைக்கிறது. எரிச்சலூட்டும் மின்னஞ்சலுக்கே மூன்றாண்டு வரை சிறை என்றிருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று செல்லாதென்று நீக்கியது. அவதூறு மட்டும் இன்றும் குற்றம். அவதூறுக்கு அடிப்படை, மூன்றாம் ஆளுக்குத் தெரிவிப்பது. ஒருவரைப் பற்றி அவருக்கு மட்டும் எழுதினால் அது அவதூறு ஆகாது. நான்கு பேருக்கு நகல் போட்டால் ஆகலாம். நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்துடன் சொல்லும் குற்றச்சாட்டுக்கு விலக்கு உண்டு. ஆகவே பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் நகலும், பழைய மாணவர் சங்கத்துக்கு அனுப்பும் நகலும் ஒன்றல்ல. அரசுக் கல்லூரிகளுக்கு இன்னொரு கவலையும் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், ‘தகவல்’ என்பதன் விளக்கத்திலேயே மின்னஞ்சலைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. பத்து ரூபாய் கட்டணத்தோடு குடிமக்கள் யாரும் கேட்டு மனுப் போடலாம்.

இப்படி எழுதிய கடிதங்களால் ஆட்ட முடிவு மாறுவது அரிது. தகுதிப் புகாரில் ஆவணம் இருந்தால் மாறும். அதற்குக் கோபம் தேவையில்லை, சான்றிதழ் நகல் போதும். தொடுகை, எடை, நடுவரின் ஒருதலைப்பட்சம் போன்றவற்றுக்கு ‘பரிசீலிக்கப்படும்’ என்று ஒரு வரி வரும். பல நேரம் அதுவும் வராது. இப்போது இந்தச் சண்டைகளில் பெரும்பங்கு வாட்ஸ்ஆப் குழுக்களுக்குப் போய்விட்டது. அங்கே அனுப்பியதை அழிக்கலாம் என்ற தைரியம் உண்டு. அழிப்பதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் சுறுசுறுப்பும் உண்டு.

பல்கலைக்கழக அணியைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் உட்காருபவர்கள் கல்லூரிகளின் பி.டி.க்கள்தான். கடிதம் எழுதியவரும் வாங்கியவரும் சில வாரத்தில் ஒரே மேசையில், ஒரே பட்டியலின் முன்னால் இருப்பார்கள். முள்ளுக்குறிச்சிப் பையனும், லாபி ஓரம் அவன் காலைப் பிடித்து வீழ்த்தியவனும் ஒரே நிறச் சட்டையில் தென்மண்டலப் போட்டிக்கு ரயில் ஏறுவார்கள். அணி மேலாளராக உடன் போகிறவர் சில ஆண்டுகளில் அந்த இரண்டு பி.டி.க்களில் ஒருவராகவே இருப்பார்.