காணி உறுதியை வெளியே எடுக்க முன்



உயர்தரப் பெறுபேறு வந்தால் எமது ஊர்களில் இரண்டு வாரத்துக்கு ஒரே கேள்விதான். "சேர், மகன வெளிநாட்டுக்கு எம்பிபிஎஸ் அனுப்பலாமா?" பயோவில் மூன்று பாடமும் சித்தி, ஆனால் மருத்துவ பீடத்துக்கு இசட் புள்ளி போதாது. அடுத்த நாளே முகவர் வீட்டு வாசலில். அனுப்ப வேண்டாம் என்று நாங்கள் யாருக்கும் சொல்வதில்லை. கணக்கைக் கடைசி வரைக்கும் போடுங்கள் என்றுதான் சொல்கிறோம்.

முகவர் பேசுவது டொலரில், நாம் உழைப்பது ரூபாயில். முழுப் படிப்புக்கும் 30,000 டொலர் கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். 2022 ஆரம்பத்தில் டொலர் 200 ரூபாய் சொச்சம். அப்போது அது 60 இலட்சம். அதே வருடம் மே மாதம் டொலர் 360ஐத் தொட்டது. அதே கட்டணம் ஒரு கோடியே எட்டு இலட்சம்! பிள்ளை அங்கே இரண்டாம் வருடத்தில் இருந்தால் என்ன செய்வது? கூப்பிடவும் ஏலாது, கட்டவும் ஏலாது. டொலர் 300 என்று எடுத்தாலும் 90 இலட்சம். தங்குமிடம், சாப்பாடு, டிக்கட் எல்லாம் இதற்கு வெளியே.

இனி வருமானப் பக்கம். 20 வயதில் போகிற பிள்ளை ஆறு வருடத்தில் பட்டத்தோடு வந்தாலும் உடனே வேலை இல்லை. இலங்கை மருத்துவ சபையின் ஈஆர்பிஎம் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். அக்ட் 16 என்று பழைய ஆட்கள் சொல்வது அதைத்தான். பிறகு உள்ளகப் பயிற்சி நியமனத்துக்குக் காத்திருக்க வேண்டும். முதல் சம்பளம் கைக்கு வர 28 வயதாகிவிடும் என்று வையுங்கள். அதில் மாதம் 50,000 ரூபாயைக் கடனுக்கென்றே ஒதுக்கினாலும் 90 இலட்சம் அடைய 180 மாதம், அதாவது 15 வருடம். அதுவும் வட்டியே இல்லாத கணக்கு. வட்டியைப் பற்றி ஜும்ஆவில் கேட்டதற்கு மேல் நாங்கள் சொல்லத் தேவையில்லை.

எங்களைக் கூடுதலாக உறுத்துவது வேறொன்று. கிழக்கில் பொம்புளப் பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். காக்காவின் படிப்புக்கு விற்கப்படுவது பல வீடுகளில் தங்கச்சிக்கென்று வைத்த வளவு. "அவன் டொக்டராகி தங்கச்சிக்கு மாடி வீடே கட்டுவான்" என்கிறார் வாப்பா. ஐந்து வயது இளைய தங்கச்சிக்கு அந்த முதல் சம்பளம் வரும்போது 23 வயது. மாடி எப்போது எழும்பும்? (சீதன வீடு சரியா பிழையா என்ற விவாதத்தைக் கமெண்டில் ஆரம்பிக்க வேண்டாம், அது தனிக் கதை.) உறுதியை வெளியே எடுக்க முன் அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டதாக ஒரு வீட்டிலும் நாங்கள் காணவில்லை.

பணம் கையில் இருப்பவர்கள் கடனில்லாமல் அனுப்பட்டும், அல்லாஹ் பரகத் செய்வான். அவர்களும் முற்பணம் கட்ட முன், அந்தப் பல்கலைக்கழகம் மருத்துவ சபையின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா, பிள்ளையின் பெறுபேறு சபை கேட்கும் அளவுக்கு இருக்கிறதா என்று நேரே பார்க்க வேண்டும். முகவர் காட்டும் படத்தாள் போதாது.

மற்றவர்களுக்கு? பேராதனையில் இயன்மருத்துவம், கதிரியக்கம், மருந்தகவியல், ஆய்வுகூட விஞ்ஞானம், தாதியியல் எல்லாம் பட்டப்படிப்பாக இருக்கின்றன. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இவற்றில் சில இருக்கின்றன. கட்டணம் இல்லை. வெட்டுப்புள்ளி மருத்துவத்தை விடக் குறைவு. அப்படியிருந்தும் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் எங்கள் பிள்ளைகள் மருத்துவம், பல் மருத்துவம் என்று எழுதிவிட்டு இவற்றைப் போடாமலே விடுகிறார்கள். பிறகு கொழும்பில் தனியார் நிறுவனமொன்றில் இலட்சக்கணக்கில் கட்டி அதே துறையைப் படிக்கிறார்கள். அங்கேயும் ஒன்றைக் கேளுங்கள்: படித்து முடித்தால் மருத்துவ சபை பதிவு தருமா? பயோமெடிக்கல் சயன்ஸ் பட்டம் வேறு, எம்எல்டி பதிவு வேறு. அரசின் வட்டியில்லா மாணவர் கடன் திட்டமும் இருக்கிறது. அதன் பட்டியலில் உள்ள நிறுவனங்களுக்கும் பாடநெறிகளுக்கும் மட்டும்தான் கிடைக்கும்.

அரசாங்கத் தாதியர் பயிற்சிக் கல்லூரியில் படிக்கும்போதே மாதாமாதம் கொடுப்பனவு வரும். முடிந்ததும் நியமனம். "நைட் டியூட்டி, எங்கட பிள்ளைக்குச் சரிவராது" என்று முகம் சுளிக்கும் அதே வீடு, மகளைப் பிரசவத்துக்குக் கொண்டு போனதும் "வார்ட்டில ஒரு முஸ்லிம் நேர்ஸ் இல்லையா" என்று தேடுகிறது.

விண்ணப்பம் நிரப்ப உதவி வேண்டுமானால் பாடசாலை விட்ட பிறகு வாருங்கள். பெறுபேற்றுத் தாளும் பல்கலைக்கழகக் கைந்நூலும் கையில் இருக்கட்டும். வாப்பா மட்டும் வராமல் உம்மாவும் பிள்ளையும் சேர்ந்து வந்தால் நல்லது. தங்கச்சி இருந்தால் அவளும்.