பொஸ்டன் நூதனசாலையில் நம்மவர் ஒருவர்

அமெரிக்காவின் கீழைக் கரையிலுள்ள பொஸ்டன் மாநகருக்கும் நமது வடமராட்சிக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் வினவலாம். பருத்தித்துறைக்கு அணித்தாயுள்ள கெருடாவிலிலிருந்து கொழும்புக்குப் பெயர்ந்த குடும்பமொன்றின் வழித்தோன்றல் அந்நகரத்து நூதனசாலையிலே முப்பது ஆண்டுகள் பணியாற்றினார் என்பதே விடை. அவரே கலாயோகி ஆனந்த குமாரசுவாமி.

பொஸ்டனில் வாழும் எமது தங்கையின் இல்லத்திற்கு விடுமுறையிற் சென்றிருந்தபோது, தாயாரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அந்நூதனசாலையைக் காணச் சென்றோம். பச்சை வழித்தடத்து ட்ராம் வண்டி வாயிலுக்கு அருகிலேயே எம்மை இறக்கிவிட்டது. 1870 இல் தாபிக்கப்பெற்ற இந்நிலையம் 1909 இல் இப்போதுள்ள இடத்துக்கு வந்தது. எகிப்தியச் சிலைகள், யப்பானியப் புத்தர் படிமங்கள், பிரெஞ்சு ஓவியங்கள் என மண்டபத்தின்பின் மண்டபமாக விரிகின்றது. யாவற்றையும் ஒரே நாளிற் பார்த்து முடித்தல் இயலாது. சிறுவரோடு செல்வோர் இரண்டொரு பகுதிகளை மட்டும் தெரிந்தெடுத்து ஆறுதலாகப் பார்ப்பதே நன்று.

நாம் முதலில் நாடியது இந்தியக் கலைப் பகுதியை. சாஞ்சியிலிருந்து வந்த, ஏறக்குறைய 2000 ஆண்டு பழைமையுடைய இயக்கியின் சிலை அங்கே இருக்கின்றது. தலையும் கைகளும் சிதைந்தும் உயிர்ப்புக் குன்றாத சிலை அது. அப்பால், எருமைத் தலைமீது நிற்கும் துர்க்கையைக் கண்டோம். எட்டாம் நூற்றாண்டிலே பல்லவர் காலத்துச் சிற்பி தமிழ்நாட்டிற் செதுக்கிய கருங்கற் படிமம். தெல்லிப்பழைத் துர்க்கை அம்மனை வணங்கிப் பழகிய எமது மகளுக்கு வியப்புத் தாளவில்லை. "அம்மம்மா, தொட்டுக் கும்பிடலாமோ?" என்றாள். காவலரை ஒருமுறை பார்த்துவிட்டு, "கண்ணாலை கும்பிடு பிள்ளை" என்றார் தாயார். விளக்கில்லை, பூவில்லை, மணியோசை இல்லை. ஆயினும் சிலையிலே ஒரு தூசியும் இல்லை.

இச்செல்வங்களை அமெரிக்கருக்கு விளக்கிக் காட்டியவர் ஆனந்தர். 1877 இல் கொழும்பிற் பிறந்தவர். தந்தையார் சேர் முத்துக் குமாரசுவாமி. தாயார் எலிசபெத் என்னும் ஆங்கிலப் பெண்மணி. சேர் பொன்னம்பலம் இராமநாதனின் தாயார் சேர் முத்துவின் உடன்பிறந்தவர். ஆகவே, மருதனார்மடத்திலே இராமநாதன் கல்லூரியை நிறுவிய பெரியாருக்கு ஆனந்தர் அம்மான் மகனாவார். இரண்டு வயது நிரம்புமுன் தந்தையை இழந்து, இங்கிலாந்திலே வளர்ந்து, புவிச்சரிதவியல் கற்றார். 1903 முதல் 1906 வரை இலங்கையிற் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் பணிப்பாளராயிருந்தார். கற்களைத் தேடி ஊரூராகச் சென்றவர், அழிந்துகொண்டிருந்த கைத்தொழில்களைக் கண்டு உளம் நொந்தார். அதன் பயனாக, மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அவரது பெருநூல் 1908 இல் வெளிவந்தது.

பின்னர் இந்தியாவிலே சுற்றி, இராசபுத்திர ஓவியங்களையும் பிற கலைப்பொருள்களையும் திரட்டினார். அவற்றைக் கொண்டு அந்நாட்டிலேயே ஒரு தேசிய நூதனசாலை அமைக்க விழைந்தார், ஆதரவு கிட்டவில்லை. 1917 இல் பொஸ்டன் செல்வந்தர் டென்மன் றொஸ் அச்சேகரத்தை வாங்கி நூதனசாலைக்கு அளித்தார். பொருள்களோடு அவற்றைத் திரட்டியவரும் கடல் கடந்தார். 1947 இல் இறக்கும்வரை அங்கேயே பணிபுரிந்தார். நம்மவர் வேண்டாமென விட்டவற்றை அயலவர் விரும்பி ஏற்றனர்.

புறப்படுமுன் கோகன் என்னும் பிரெஞ்சு ஓவியர் தாகித்தித் தீவிலே 1897-98 இல் தீட்டிய பெரிய ஓவியத்தின் முன் நின்றோம். 12 அடிக்கு மேற்பட்ட அகலமுடையது. வலப்புறத்தே உறங்கும் குழந்தை. இடப்புறத்தே முதுமையெய்திய பெண். நாம் எங்கிருந்து வந்தோம், நாம் யார், எங்கே போகின்றோம் என்பதே அதன் பெயர். பொஸ்டனிலேயே பிறந்த எமது தங்கையின் மகன் அப்பெயரைப் படித்துவிட்டு, தட்டித் தடவித் தமிழிலே கேட்டான்: "நாங்கள் எங்கேயிருந்து வந்தனாங்கள், அம்மம்மா?"

தாயார் சற்றுநேரம் பேசவில்லை. பின்பு, "வீடு சண்டையிலை போச்சு மோனை. கிணறு இருக்கு. வந்தால் காட்டுவன்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. பையன் அவரது கையைப் பற்றிக்கொண்டான்.

திரும்பும் வழியெல்லாம் இச்சொற்களே எம் மனத்தில் நின்றன. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன; அவற்றுள் ஏட்டுச் சுவடிகளும் இருந்தன. போர்க்காலத்திலே வீடுகளோடு எத்தனையோ பொருள்கள் போயின. போனவற்றுக்கு வருந்தும் நாம், எஞ்சியவற்றைப் பேணுகின்றோமா? ஏடுகளும் குத்துவிளக்குகளும் பெட்டகங்களும் இன்னும் எத்தனையோ வீட்டு மூலைகளிற் கிடக்கின்றன. பழைய இரும்புக்காரனுக்கு எடைக்குப் போடுமுன் ஒருமுறை நின்று பார்த்தல் வேண்டும்.

பொஸ்டன் செல்லும் வாய்ப்பு எல்லோருக்கும் கிட்டாது. யாழ்ப்பாணம் நாவலர் வீதியிலுள்ள தொல்பொருள் நூதனசாலைக்குச் செல்வதற்கோ ஒரு காலைப்பொழுது போதும். கந்தரோடை மண்ணிலிருந்து கிடைத்த பொருள்கள் அங்கே இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். எங்கிருந்து வந்தோம் என்று அவர்கள் கேட்டால், காட்டுவதற்கு நம்மிடம் ஏதேனும் இருக்கட்டும்.