மால்பேக்கு எதிரே கல்தூண்கள்

செயின்ட் மேரீஸ் தீவுகள் கர்நாடகத்தின் உடுப்பிக்கு அருகே, மால்பே கரையிலிருந்து ஏறத்தாழ 6 கிலோமீட்டர் தள்ளி அரபிக்கடலில் இருக்கின்றன. முக்கியமானவை நான்கு, பயணிகள் இறங்குவது தேங்காய்த் தீவில். தென்னைகள் உண்டு, குடியிருப்பு இல்லை. 1498இல் வாஸ்கோ ட காமா இங்கே சிலுவை நட்டு அன்னை மரியாளின் பெயரைச் சூட்டியதாக வழிவழியாகச் சொல்கிறார்கள். பெயர் அப்படி வந்திருக்கலாம். தீவின் பெருமைக்கும் அவருக்கும் தொடர்பில்லை.

பெருமையெல்லாம் கல்லுக்குத்தான். ஐந்து, ஆறு, ஏழு பட்டைகள் கொண்ட பாறைத் தூண்கள் ஒன்றோடொன்று ஒட்டி நெருக்கமாக நிற்கின்றன. உயர்ந்தவை 6 மீட்டர் வரை போகும். தலைப்பகுதி மட்டும் தெரியும் இடங்களில் யாரோ அளவெடுத்துப் பாவிய தளம் போலிருக்கும். இடிந்த கோயில் என்று ஒருவர் நினைத்துவிட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது.

இந்த ஒழுங்கு சூடு தணிந்ததால் வந்தது. வெளியே வழிந்த எரிமலைக் குழம்பு இறுகும்போது சுருங்குகிறது. சுருங்கும் பாறை ஓரிடத்தில் பிளக்காமல் பரப்பு முழுவதும் வெடிக்கிறது. கோடையில் வற்றிய ஏரியின் வண்டல் வெடிப்பதும் இதே கணக்குதான். மூன்று வெடிப்புகள் சம கோணத்தில் கூடும்போது இழுவிசை எல்லாப் பக்கமும் ஒரே அளவில் தளர்கிறது. அப்படிக் கூடும் வெடிப்புகளுக்கு இடையில் அறுகோணம் பிறக்கிறது. வண்டலில் வெடிப்பு மேலோடு நின்றுவிடும். குழம்பிலோ குளிர்ச்சி உள்ளே இறங்க இறங்க வெடிப்பும் கூடவே இறங்கும். பலகோணம் தூணாக நீளும். மெல்ல ஆறினால் தூண் பருக்கும், விரைந்து ஆறினால் மெலியும். இயற்கையின் கணக்கு எப்போதும் சுத்தமாக முடிவதில்லை. ஐந்து பட்டைக்காரர்களும் ஏழு பட்டைக்காரர்களும் அதற்குச் சாட்சி.

இதைப் பசால்ட் என்று பலர் சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் இது சிலிக்கா மிகுந்த ரயோலைட் வகையைச் சேர்ந்தது. வயது சுமார் 8.8 கோடி ஆண்டு. ஆகவே தக்காணத்து எரிமலைப் பாறைகளுக்கும் மூத்தது. இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்த காலத்து எரிமலைச் செயல்பாட்டின் எச்சம் என்று புவியியலாளர்கள் இதைக் கொள்கிறார்கள். தேசியப் புவியியல் நினைவுச் சின்னங்களின் பட்டியலில், நம் திருவக்கரைக் கல்மரங்களோடு இத்தீவும் இடம்பெற்றிருக்கிறது.

தென்மேற்குப் பருவமழை மாதங்களில் கடல் கொந்தளிப்பதால் படகுப் போக்குவரத்து நின்றுவிடும். ஏற்ற காலம் டிசம்பரை ஒட்டிய மாதங்கள். கரையையொட்டி ஆழம் குறைவு என்பதால் பெரிய படகிலிருந்து சிறு படகுக்கு மாற வேண்டிவரும். இறங்கியவுடன் மணலைத் தேடுவோர் ஏமாறுவார்கள். பல இடங்களில் காலடியில் நொறுங்குவது சிப்பித் துகள். நீர் வற்றும் வேளையில் தூண்கள் கூடுதலாக வெளிப்படும், அப்போதே பார்ப்பது நல்லது. அலை நனைத்த கல் வழுக்கும், ஆகவே படம் எடுப்பதற்காக விளிம்புவரை போகாமல் காய்ந்த தூண்களின் மேல் நிற்பதே பாதுகாப்பு.