அப்பம் பகிரும் தோழமை

பிரான்சு நாட்டில் பசிக்கும் நேரம் விதிக்கப்பட்டுள்ளது என்பதை, மாலையில் நெடுந்தொலைவு காரில் செல்வோர் விரைவில் உணர்வர். சிற்றூர் உணவகங்களில் ஏழு மணியளவில் மூட்டும் அடுப்பு பெரும்பாலும் ஒன்பதரைக்குள் அணைந்துவிடும். ஞாயிறு மாலையிலோ பல கதவுகள் திறப்பதேயில்லை. விரைவுச் சாலைப் பெட்ரோல் நிலையங்களில் பொட்டலமிட்ட ரொட்டி கிட்டும். சூடான உணவு எங்கும் எந்நேரமும் கிட்டுமென்பதில்லை.

பாரிசிலிருந்து ஏறத்தாழ 460 கிலோமீட்டர் தொலைவிலுள்ள லியோனுக்கு ஒருமுறை சென்றபோது, காரோட்டிய புதுவை அன்பர், “சுவாமி, லாரிகள் வரிசையாய் நிற்குமிடத்தில் நமக்கும் உணவுண்டு” என்று கூறிப் பழைய ஆறாம் எண் தேசியச் சாலைக்குத் திருப்பினார். அவர் தேடியது சிவப்பும் நீலமுமான ஒரு வட்டப் பலகை. 1934இல் லாரி ஓட்டுநர்களுக்கெனத் தோன்றிய ‘லே ரூத்தியே’ அமைப்பின் அடையாளம். உள்ளே ஒரே விலையில் முழு உணவு. ரொட்டிக்கும் தண்ணீருக்கும் தனிக் கட்டணமில்லை. நீண்ட மேசையில் அறிமுகமற்ற ஓட்டுநர் ஒருவர் ரொட்டிக் கூடையை எம்பக்கம் நகர்த்தினார்.

தோழனைக் குறிக்கும் ‘கொம்பாஞோன்’ என்னும் பிரெஞ்சுச் சொல், ‘உடன்’, ‘அப்பம்’ எனப் பொருள்படும் இரு இலத்தீன் சொற்களிலிருந்து பிறந்தது. உடனுண்பவனே தோழன். அன்பர்களே, நேரங்கழித்து வருவோனுக்கென ஒரு தட்டுச் சோறு மூடிவைக்கும் இல்லம், அச்சொல்லின் பொருளை அறிந்த இல்லமாகும்.