லப்... டப்... நடுவுல என்ன?

“புரிஞ்சுதா?”னு புரொபசர் கேட்டதும், ஒண்ணுமே புரியாம தலையாட்டியிருக்கீங்களா? அப்போ நீங்க நம்ம கட்சி!

எம்.பி.பி.எஸ். இரண்டாம் வருஷம். கழுத்துல புத்தம்புது ஸ்டெதஸ்கோப். எங்கே கண்ணாடியைப் பார்த்தாலும் ஒரு நிமிஷம் நின்னுட்டுதான் போவேன்.

இதயம் ‘லப்-டப்’னு துடிக்குதுன்னு ஸ்கூல்லயே படிச்சிருப்பீங்க. அது வால்வுகள் கதவு மாதிரி மூடுற சத்தம். இதயம் சுருங்க ஆரம்பிக்கும்போது மிட்ரல், டிரைகஸ்பிட் வால்வுகள் மூடினா ‘லப்’. சுருங்கி முடிச்சதும் அயோர்ட்டிக், பல்மனரி வால்வுகள் மூடினா ‘டப்’. எது எதுன்னு குழப்பமா? கழுத்து நாடியில விரலை வைங்க. துடிப்போட சேர்ந்து கேட்கிறது ‘லப்’. இந்த ரெண்டு சத்தத்துக்கும் இடையில அமைதியா இருக்கணும். அங்கே ‘புஸ்’னோ, உறுமலாவோ கேட்டா அதுதான் மர்மர்.

அன்னைக்கு பெட்டில் இருந்தது ஒரு காலேஜ் பொண்ணு. என் வயசுதான். மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குதுன்னு வந்திருந்தாள். சின்ன வயசுல தொண்டை வலி, அப்புறம் காய்ச்சல், மூட்டு வீக்கம். யாரும் பெருசா எடுத்துக்கலை. அந்த ருமாட்டிக் காய்ச்சல் மிட்ரல் வால்வைச் சுருக்கிவிட்டது.

“மர்மர் கேட்குதா?” என்றார் சார். எனக்கு முன்னாடி ஆறு பேர் “கேட்குது சார்!” நான் வச்சுப் பார்த்தேன். லப்-டப் கேட்டுச்சு. மேலே ஓடுற ஃபேன் கேட்டுச்சு. மர்மர் மட்டும் இல்லை.

“கேட்குது சார்!”

சார் அடுத்த பெட்டுக்குப் போனதும் அவள் மெதுவா கேட்டாள்: “எப்படி இருக்கு டாக்டர்? ரொம்ப மோசமா?”

எனக்கு வார்த்தையே வரலை. பொய் சொன்னது சார்கிட்ட. மாட்டிக்கிட்டது அவள்கிட்ட.

சாயங்காலம் பி.ஜி. அண்ணன்கிட்ட போய், “எனக்குக் கேட்கலைண்ணே”ன்னேன். அவர் திட்டலை. அவளிடம் அனுமதி கேட்டு, சிஸ்டரையும் கூட வச்சுக்கிட்டு, இடப்பக்கமா ஒருக்களிச்சுப் படுக்கச் சொன்னார். “தட்டைப் பக்கம் வேணாம். கிண்ணம் மாதிரி இருக்கே, பெல்... அதை இதய நுனியில லேசா வை. அழுத்தினா இந்தச் சத்தம் மறைஞ்சிடும். மூச்சை வெளியே விட்டு நிறுத்தும்மா.”

கேட்டுச்சு! ‘டப்’புக்கு அப்புறம், தூரத்துப் பாலத்துல லாரி உருள்ற மாதிரி ஓர் உறுமல்.

மர்மர் எல்லாமே நோய் இல்லீங்க. காய்ச்சல், ரத்தசோகை, கர்ப்ப காலத்துல நல்ல இதயத்துலகூட கேட்கலாம். எக்கோ எடுத்தாதான் உறுதியாகும். ஆனா எக்கோவுக்கு அனுப்பணும்னு தோணவே, முதல்ல ஒரு காது நிஜமா கேட்டிருக்கணுமே!

சுருங்கின வால்வை பலூன் விட்டு விரிக்கிற சிகிச்சை இருக்குன்னு அண்ணன் விளக்கினதும், அவள் முகத்துல கொஞ்சம் தெளிச்சல். “நானும் கேட்கலாமா?” ஸ்டெத்தைக் காதில் மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக் கேட்டவள், சட்டுனு சொன்னாள்:

“எனக்கு ஒண்ணுமே வித்தியாசமா தெரியலையே டாக்டர்!”

காலையில நான் சொல்லியிருக்க வேண்டியது அதைத்தான். அடுத்த தடவை “புரிஞ்சுதா?”னு கேட்டா, தலையை ஆட்டாம கையைத் தூக்குங்க!